கம்யூனிகேஷன் சார்

1978-இல் சென்னையில் தோன்றிய அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆளுகைக்குட்பட்ட 400-க்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளுள் எதில் நீங்கள் பிரவேசித்தாலும், இயந்திரவியலுக்கும் கணினியியலுக்கும் எழுப்பிய மாட மாளிகைகளைக் கடந்து, ‘சயின்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்’ என்ற பலகையின் கீழ்க் கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிற அறையின் மூலையில், சிவப்பு மைப் பேனாவும் கையுமாக வீற்றிருக்கும் ஒரு ஜீவனைத் தரிசிக்கலாம். பெற்றோர் இட்ட பெயர் யாதாயினும், கல்லூரியில் அவர் நாமதேயம் ‘கம்யூனிகேஷன் சார்’.

எம்.ஏ. வகுப்பில் மில்டனையும் ஷெல்லியையும் கரைத்துக் குடித்த அந்த மகானுபாவர் இங்கே போதிப்பது, முதலாண்டு மாணவர்களுக்கு விளக்கப்படத்தைப் பத்தியாக்கும் வித்தை. அந்தப் பாடமோ 2013 ரெகுலேஷன் என்னும் பாடத்திட்டத்தில் ‘டெக்னிக்கல் இங்கிலீஷ்’ என்றும், 2017-இல் முதற் பருவத்திலே ‘கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்’ என்றும், 2021-இல் ‘ப்ரொஃபஷனல் இங்கிலீஷ்’ என்றும் அவதாரம் எடுத்துக்கொண்டே இருக்க, சார் தம் நோட்டின் அட்டையை மட்டும் மாற்றினார். பரிந்துரை எழுதச் சொல்லும் வினாவில், தீ விபத்துக்கு எட்டு, சாலை விபத்துக்கு எட்டு, தண்ணீர்ப் பஞ்சத்துக்கு எட்டு என, உலகத்துச் சகல ஆபத்துகளுக்கும் எட்டே வாக்கியங்களில் பரிகாரம் உண்டென்பது அவர் சித்தாந்தம். ஒன்பதாவது எழுதுகிறவன் அதிகப்பிரசங்கி.

‘‘மைசெல்ஃப் ரமேஷ், சார்’’ என்று பையன் எழுந்தால், ‘‘ஐ ஆம் ரமேஷ்னு சொல்லுப்பா’’ என்பார். ‘‘ஐ ஆம் மைசெல்ஃப் ரமேஷ், சார்’’ என்று இரு தரப்பையும் திருப்திப்படுத்திவிட்டு அவன் உட்காருவான்.

தாளாளரின் வரவேற்புரை, ஆண்டறிக்கை, விழா அழைப்பிதழ் என்று ஆங்கிலத்தில் எது எழுதப்பட்டாலும் அவர் கைபடாமல் வாசல் தாண்டாது. பிற துறைப் பேராசிரியர்கள், ‘‘சும்மா ஒரு பார்வை பாருங்க சார், கிராமர் மட்டும்’’ என்று சொல்லி, முனைவர் பட்ட ஆய்வேட்டையே மேஜைமேல் வைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போவார்கள்.

ஒரு நாள் முதல்வர் அறையிலிருந்து திருத்தத்துக்கு வந்தது ஒரு மெமோ. தொடர்ந்து தாமதமாக வரும் ஆசிரியர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கலாகாது என்று விளக்கம் கோரிய அதில், பெயருக்குரிய இடம் மாத்திரம் காலியாக இருந்தது. சார் வினைச்சொற்களைச் செப்பனிட்டு, கண்டனத்தில் காரம் போதாதென்று கருதி, இரண்டாம் பத்தியில் கூரிய வாக்கியம் ஒன்றைத் தாமாகவே சேர்த்தும் அனுப்பிவைத்தார். மாலையில் அது அவர் பெயரைத் தாங்கி அவரிடமே வந்து சேர்ந்தது. மனிதர் முகம் சுளிக்கவில்லை. ஒருமுறை நிதானமாக வாசித்து, பிழை ஏதும் காணாதவராய்க் கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டு, கொண்டுவந்த ப்யூனிடம் சொன்னார்:

‘‘செகண்ட் பாரா ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே, பிரின்ஸிபால்கிட்டச் சொல்லிடுங்க.’’