சுண்ணாம்பு எனக்கு, ஆசிட் உமக்கு

தமிழ்நாட்டின் 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன் இரண்டாம் அட்டவணையில் வீட்டுக்காரனுக்கும் வாடகைக்காரனுக்கும் பாகப்பிரிவினை செய்து வைத்திருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டுக்காரன் பாடு. சாக்கடை அடைப்பெடுப்பதும் கக்கூஸ் ரிப்பேரும் வாடகைக்காரன் பாடு. அதாவது சுண்ணாம்பு எனக்கு, ஆசிட் அவருக்கு. பாசி யாருக்கு என்பதை மட்டும் எழுதாமல் விட்டார்கள். நாகர்கோவிலில் வீடு வாடகைக்கு விட்ட ஆள் யாரும் அந்தக் கமிட்டியில் இல்லை போல.

இங்கே இடவப்பாதியும் பெய்யும், ஐப்பசி மழையும் பெய்யும். ஒன்றில் முளைத்த பச்சை காய்ந்து கறுப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

"செவுரு உங்க செவுருல்லா அண்ணாச்சி" என்றார் வாடகைக்காரர்.

"பாசி உம்ம காலத்துல முளைச்சதுல்லா வே" என்றேன்.

கடைசியில் கோட்டாற்றில் ப்ளீச்சிங் பவுடர் வாங்கிக்கொண்டு போனது நான்தான். போனால், குளிமுறி மூலையில் அவருடைய ஆசிட் குப்பி.

ப்ளீச்சிங் பவுடர் என்பது நீற்றிய சுண்ணாம்புக்குள் குளோரினைப் பிடித்து அடைத்த சரக்கு. 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டென்னன்ட் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதன்மேல் கக்கூஸ் ஆசிட் பட்டால் அடைபட்ட குளோரின் வெளியே வந்துவிடும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்பர் பக்கம் ஜெர்மன் பட்டாளம் திறந்துவிட்டதும் இதே வாயுதான். அங்கேயாவது வெட்டவெளி. எங்கள் குளிமுறியில் ஒரு ஆள் திரும்ப இடமில்லை.

"ரெண்டையும் சேத்து ஊத்துனா நல்லா வெளுக்கும்னு மச்சினன் சொன்னானே!"

வெளுக்கும். மச்சினன் அக்காள் தாலியை நினைத்துப் பார்த்திருக்கலாம். பவுடர் வெளிச்சுவரோடு சரி, ஆசிட் குளிமுறியோடு சரி, ஒன்று ஒன்றைப் பார்க்கக் கூடாது என்று வாய்மொழியாக ஒப்பந்தம் போட்டோம்.

செதல் கதை வேறு. ஓட்டுவீட்டுக் கழுக்கோலில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. முன்பு ஆல்ட்ரின் ஊற்றுவார்கள். 1996இல் அதற்கு இந்தியாவில் தடை வந்தது. பிறகு தரையோரம் துளை போட்டு குளோர்பைரிபாஸ் இறக்கினார்கள். கழுக்கோலுக்கு எனக்குப் பிடித்தது அண்டியாபீஸ் எண்ணெய்தான். கொட்டை உடைக்கும் பெண்களின் கையை வேகவைத்துவிடும் அந்த முந்திரித்தோட்டு எண்ணெயை மரத்தில் பூசினால் செதல் கிட்டே வராது. வாடகைக்காரரும் வரவில்லை. நாற்றம் அடங்கும்வரை மாமியார் வீட்டில் இருந்துவிட்டு, அந்த நாட்களுக்கு வாடகையைக் கழிக்கச் சொன்னார்.

"அங்க தின்ன சோத்துல மிச்சம் பிடிச்சீருல்லா, அதுல எனக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டேன். பேச்சு அதோடு நின்றது.

இவருக்கு முன்பு இருந்தவர் குலசேகரம் பக்கத்து ரப்பர்க்காரர். ரப்பர்ப்பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட்டைக் கன்னாசோடு அடுக்களையில் வைத்திருந்தார். அது ஒழுகியது. மொசைக் தரையில் பளிங்குச் சில்லு, சிமெண்ட் இரண்டையும் ஆசிட் தின்னும், தின்றது. காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பேன் என்றேன்.

மனிதர் அசரவில்லை. "எறும்புக்க உள்ள இருக்கப்பட்ட ஆசிட்டுதானே அண்ணாச்சி இது! இந்த அடுக்களையில எத்தனை எறும்பு ஊர்ந்திருக்கும்? பாதியை அதுக கணக்குல எழுதுங்க."

எறும்பில் பார்மிக் அமிலம் உண்டு என்பது சத்தியமான பேச்சு. மறுக்க வழியில்லை. அவர் பாதியை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டேன். எறும்பு தரவேண்டிய பாதி நிலுவையில் இருக்கிறது.