எந்த நூற்றாண்டு நைஸ்?

கேள்வி: 'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் என்ன? என் கவிதையைப் படித்த நண்பர் அந்த ஒரே வார்த்தையோடு எழுந்து போய்விட்டார்!

பதில்: நண்பர் விவரமானவர்! லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் 'ஒன்றும் அறியாதவன்'. பிரெஞ்சு வழியாகச் சுமார் 1300-ல் அது ஆங்கிலத்துக்கு வந்தபோது, 'நைஸ்' என்றால் 'முட்டாள்தனமான' என்றுதான் பொருள். பிறகு கூச்சம், நுணுக்கம் என்று படிப்படியாகப் பதவி உயர்வு பெற்று, 18-ம் நூற்றாண்டில் 'இனிமையான' ஆகிவிட்டது. நம் ஊரில் அதற்கு வேறு உத்தியோகம்: மாவை நைஸாக அரைக்கிறோம்; கடன் கொடுத்தவரைக் கண்டால் நைஸாக நழுவுகிறோம். உங்கள் நண்பர் சொன்னது எந்த நூற்றாண்டு 'நைஸ்' என்று கேட்காமல் இருப்பதே உங்களுக்கு நல்லது!