தண்ணீர் இல்லாத தொட்டி

கே: மீன் தொட்டிக்குச் செடி வாங்கப் போனால், "முதல் ஒன்றரை மாதம் தண்ணீர் நிரப்பாதீர்கள்" என்கிறார் கடைக்காரர். கிண்டலா?
– ஒரு வாசகர், கொளத்தூர், சென்னை

ப: இல்லை சார், தொழில் தெரிந்தவர். செடிக்கு உணவாகும் கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். வெளியே செடிக்கு விருந்து, உள்ளே ரேஷன். எனவே மண்ணை ஈரமாக்கி, மான்ட்டி கார்லோ என்ற படரும் செடியைக் கிள்ளிக் கிள்ளி நட்டு, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடுங்கள். கண்ணாடி உட்புறம் வியர்த்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். தினமும் சற்றுத் திறந்து காற்று காட்டுங்கள். இல்லையேல் பூஞ்சை வாடகை தராமல் குடியேறிவிடும். வேர் பிடித்தபின் நீர் நிரப்பலாம். பழைய இலைகள் சில அழுகும். பதறாதீர்கள், நீருக்கேற்ற புது இலை வரும். மீனை அதுவரை கடைக்காரரே வளர்க்கட்டும். வாலிஸ்னேரியா போன்ற முழு நீர்ச்செடிகளுக்கு இந்த வைத்தியம் ஆகாது, காய்ந்தே போகும்.