அடிமுடி காணாத ஒயர்

திருவண்ணாமலைக்குள் வேலூர் சாலை வழியாக வந்தாலும் சரி, திண்டிவனம் சாலை, வேட்டவலம் சாலை வழியாக வந்தாலும் சரி, ஊர் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு மரத்தடி இருக்கும். அங்கே நாலைந்து செத்த பேட்டரிகள், ஒரு மர ஸ்டூல், பானட்டைப் பிளந்தபடி ஒரு பிக்கப் வண்டி. அதன் கதவு வழியாக இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்தான் ஒயரிங் அண்ணன். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அடம்பிடிப்பதில்லை. காலிடமே வண்டியின் குறையைச் சொல்லிவிட்டு நிற்பார்கள். காலும் பதில் சொல்லும்: "விட்டுட்டுப் போண்ணா. பொழுதோட வா."

எந்தப் பொழுது என்று கேட்பவர் வெளியூர்க்காரர்.

மெக்கானிக் வேறு சாதி, அண்ணன் வேறு சாதி. மெக்கானிக்குக் கை முழுக்க கிரீஸ். அண்ணனுக்குக் கை சுத்தம், ஆயுதம் வாயில் இருக்கிறது. ஒயரைப் பல்லால்தான் உரிப்பார். பெட்டியில் கட்டர் இல்லாமல் இல்லை. "கட்டர் செம்பையும் சேத்து வெட்டிடும்ணா. பல்லுக்குத்தான் அளவு தெரியும்" என்பார். அவருடைய மொத்த ஆய்வுக்கூடமும் ஒரு டெஸ்ட் லேம்ப்: 12 வோல்ட் பல்பு ஒன்று, அதில் பற்றவைத்த இரண்டு ஒயர். சிங்கப்பூர் மாப்பிள்ளை ஒருவர் டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக் கொடுத்தார். அது பிரிக்கப்படாமல் விநாயகர் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம்பர் பொய் சொல்லும், பல்பு சொல்லாது என்பது அண்ணனின் தரப்பு.

எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே தீர்ப்பு: "எர்த் சரியில்லண்ணா." ஹாரன் கரகரத்தால் எர்த். ஹெட்லைட் மங்கினால் எர்த். ஸ்டார்ட்டர் முனகினால் எர்த். பெண் வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள் என்றாலும் அதையே சொல்லியிருப்பார். எரிச்சலூட்டுவது என்னவென்றால், பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கிறது. வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முனை உடம்புத் தகட்டோடு சேர்ந்திருக்கிறது. போகும் மின்சாரத்துக்குத்தான் தனி ஒயர், திரும்பும் மின்சாரத்துக்கு மொத்த வண்டியும் வழி. அந்த வழியில் எங்கோ ஒரு போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்தால் எல்லாம் முரண்டு பிடிக்கும். பொறியியல் கல்லூரியில் இதை ஒரு செமஸ்டர் நடத்துவார்கள். அண்ணன் அந்த போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து, மறுபடி முடுக்கிவிட்டு, பீடி பற்றவைப்பார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒருநாள் ஒரு சி.பி. ரேடியோ, அதாவது சிட்டிசன்ஸ் பேண்ட் ரேடியோ, வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் காய்கறி ஏற்றும் போலேரோ பிக்கப்காரர். ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த அமெரிக்க பக்தர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது சாமான் ஏற்றிய வாடகைக்கு மேல் அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டி அது. சுருள் ஒயரோடு ஒரு மைக், முன்னால் ஒரு சேனல் திருகு, மொத்தம் 40 சேனல். பக்தர் கதையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 1973 எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்காவில் டீசல் தட்டுப்பாடு வந்ததாம். அடுத்து மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமும் வந்ததாம். எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் போலீஸ் இருக்கிறது என்று லாரிக்காரர்கள் இந்தப் பெட்டியில்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களாம். 19-ஆம் சேனல் என்றால் அங்கே லாரிக்காரர் சபை.

நம் நாட்டிலும் 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இந்த அலைவரிசைக்கு 2005-இல் லைசென்ஸ் விலக்கு கொடுத்தார்கள்: சக்தி 5 வாட்டுக்கு மேல் போகக் கூடாது, ஆன்டெனா பெட்டியோடு சேர்ந்தே இருக்க வேண்டும். அதே ஆண்டில்தான் டாடா ஏஸ் என்கிற குட்டி யானையும் பிறந்தது. குட்டி யானை சந்து பொந்தெல்லாம் ஓடியது. சி.பி. விலக்கு அரசிதழை விட்டு இறங்கவே இல்லை.

பிக்கப்காரருக்கு ஒரு கணக்கு இருந்தது. கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கான ஜனம் ஊருக்குள் கூடும். மாலை 6 மணிக்கு மலை உச்சியில் கொப்பரை பற்றும்போது எல்லோர் கையிலும் போன் உயரும், ஒருவருக்கும் லைன் கிடைக்காது. போலீஸ்காரர் தோளில் இருக்கும் மைக் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். அன்னதானத்துக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு ஈசான்ய லிங்கத்துப் பக்கம் மாட்டிக்கொண்ட வண்டி, செங்கம் சாலையில் நிற்கும் மச்சானிடம் எப்படிப் பேசுவது? "அதுக்குத்தாண்ணா இது" என்றார்.

இரண்டு கால்களும் உள்ளே போயின. முகம் வெளியே வந்தது. அபூர்வ சந்தர்ப்பம்.

முதல் வேலை டேஷ்போர்டைக் கழற்றுவது. இந்த ஊர்த் தலபுராணம் தெரியுமே: ஜோதியின் அடியைத் தேடி விஷ்ணு வராகமாய்த் தோண்டிக்கொண்டு போனார், முடியைத் தேடி பிரம்மா அன்னமாய்ப் பறந்தார். பல கை மாறிய பிக்கப்பில் ஒரு ஒயரின் கதையும் அதுதான். ஒவ்வொரு முதலாளியும் ஒரு ஸ்டீரியோ, ஒரு ஏர் ஹாரன், ஒரு சீரியல் பல்பு என்று சேர்த்திருப்பார். விற்கும்போது சாமானைக் கழற்றிக்கொள்வார், ஒயர் உள்ளேயே குடியிருக்கும். அண்ணன் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டுக் குடைந்தார். சிஷ்யப் பையன் கேபின் கூரைமேல் ஏறினான். சிவப்பாகக் கிளம்பிய ஒயர் நடுவழியில் பச்சையானது, கறுப்பு டேப்புக்குள் புகுந்து மஞ்சளாக வெளியே வந்தது. பொய்சாட்சிக்குத் தாழம்பூ வேண்டுமே, அந்த வேலையை டேப் பார்த்துக்கொண்டது. "எவன்யா இந்த வேலையப் பாத்தது?" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. பார்த்தவர் அவரேதான், போன வருஷம். "அப்போ அவசரம்ணா" என்று உடனே ஜாமீனும் வாங்கிக்கொண்டார்.

அடுத்தது இடப் பிரச்சினை. டேஷ்போர்டில் அண்ணாமலையார், விநாயகர், பிக்கப்காரரின் குலதெய்வம், மினுக்கு பல்பு என்று ஹவுஸ்ஃபுல். சாமியை நகர்த்த யாருக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் கியர் கம்பிக்கு மேலே, டிரைவர் முழங்காலில் இடிக்காத கோணத்தில் இரும்புப் பட்டை அடித்துப் பெட்டியைத் தொங்கவிட்டார். ஒன்று சொல்ல வேண்டும், தொழிலில் அண்ணன் கெட்டிக்காரர். ரேடியோவோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அவர் திறக்கவில்லை. ஆனால் அதில் இருந்தபடியே செய்தார். கரண்டை ஹாரன் ஒயரிலிருந்தோ, சிகரெட் லைட்டரிலிருந்தோ திருடாமல் பேட்டரியிலிருந்து நேராக எடுத்தார். ஃபியூஸை ரேடியோப் பக்கம் வைக்காமல் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே வைத்தார். வழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் வண்டி எரியாமல் இருக்க அதுதான் வழி. இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் ஓட்டை போட்டதும், அதன் விளிம்பு ஒயரை அறுக்காதபடி பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினார். ஃபியூஸ் கிடைக்காத நாட்களில் அதற்குப் பதிலாக ஒற்றைச் செம்பு இழையை முறுக்கிவிடுவாரே, அதை மட்டும் நான் இங்கே எழுதவில்லை.

ஆன்டெனாவில்தான் வம்பு வந்தது. 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதில் கால் பங்கு என்றாலும் ஒன்பது அடிக் கம்பி. அரசாங்க விலக்கு பெட்டிக்குள் அடங்கிய ஆன்டெனாவுக்குத்தான், கூரைக் கம்பிக்கு இல்லை என்று பிக்கப்காரருக்கு லேசான உதறல். அண்ணனுடைய கவலை வேறு: "புளியமரத்துல இடிக்கும்ணா. மூணு அடி வெட்டிட்டா?" கம்பியை இஷ்டத்துக்கு வெட்டினால் அனுப்பும் சக்தி வெளியே போகாமல் பெட்டிக்கே திரும்பி வந்து டிரான்சிஸ்டரைச் சுடும். அதை அளக்கத் தனி மீட்டர் உண்டு. அண்ணனிடம் இருந்ததோ பல்பு. நல்லவேளை, ஹாக்சா பிளேடின் பல் மழுங்கியிருந்தது. கம்பி முழுசாகக் கூரையில் நின்றது. பையன் அதன் உச்சியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினான். டீக்கடையிலிருந்து ஒருவர் வந்து, எந்தக் கட்சியில் சேர்ந்திருக்கிறார் என்று பிக்கப்காரரை விசாரித்துவிட்டுப் போனார்.

சாவியைத் திருப்பினார்கள். பெட்டியில் சிவப்பாக எண் எரிந்தது. டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால் பெட்ரோல் வண்டிபோல டக்டக்கென்ற இரைச்சல் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தபோது மட்டும் ஆல்டர்னேட்டரின் சத்தம் கொசுபோல ஙொய்யென்று ஏறியது. "எர்த்" என்றார் அண்ணன். உப்புத்தாள், போல்ட், பீடி. கொசு செத்தது.

பிக்கப்காரர் தொண்டையைச் செருமி மைக்கை அழுத்தினார். "ஹலோ ஹலோ, ஓவர்." இரைச்சல். சேனலைத் திருப்பி, "ஹலோ, ஓவர்." இரைச்சல். சேனல்கள் தீரும்வரை கூப்பிட்டார்.

"மலை மறைக்குதோ?" என்றார். நியாயமான சந்தேகம்தான். 2,668 அடி உயரப் பாறை நடுவில் நிற்கிறது, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் அதைத்தான் சுற்றுகிறது. இந்தப் பக்கத்துக் குரல் அந்தப் பக்கம் போக அண்ணாமலையார் மனசு வைக்க வேண்டும். அப்போதுதான் சிஷ்யப் பையன் கேட்டான்: "அந்தப் பக்கம் யார்கிட்டண்ணா பெட்டி இருக்குது?"

மச்சானிடம் இல்லை. திருவண்ணாமலையில் அவர்கள் அறிந்தவரை ஒருவரிடமும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் கூனிக் குறுகியிருப்பார்கள். அண்ணன் அசையவில்லை. "லைட் எரியுதா? கரண்ட் வருதா? என் வேல முடிஞ்சுது. எதிர்ல ஆள் வெக்கிறது எலக்ட்ரீஷியன் வேலையா?" கூலி எவ்வளவு என்றதற்கு வழக்கம்போல "நீயே பாத்துக் குடுண்ணா" என்றார். பார்த்துக் கொடுப்பதற்குள் ஒரு மனிதன் படும் பாடு இருக்கிறதே, அது எந்த ரேட் கார்டிலும் கிடையாது.

காசை எண்ணியபடியே பெட்டியைத் தடவிக்கொண்டிருந்த அண்ணன், ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்சைக் கண்டார். ஒரு பக்கம் சி.பி., மறுபக்கம் பி.ஏ., அதாவது மைக் செட். இங்கிலீஷ் எழுத்தைப் படித்தாரோ இல்லையோ, பெட்டியின் முதுகில் தனியாக ஒரு ஸ்பீக்கர் துளை இருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. திருவிழா மைக் செட்டிலிருந்து கழற்றிப்போட்ட கூம்பு ஸ்பீக்கர் ஒன்று மரத்தடியில் கிடந்தது. கம்பி நின்ற கூரையில் அதையும் முடுக்கினார், ஒயரை வாயில் வைத்து உரித்து மாட்டினார், ஸ்விட்சைத் தட்டினார்.

மறுநாள் காலையிலிருந்து அந்த பிக்கப் தெருத் தெருவாக வெங்காயம் விற்கிறது. ரேடியோவுக்கென்று பழகிய வாய் மட்டும் மாறவில்லை.

"பெரிய வெங்காயம், அஞ்சு கிலோ நூறு ரூபா, ஓவர்!"

வாசலில் கோலத்தை முடித்து நிமிர்ந்த அம்மா சொன்னார்: "ஓவர்தாம்பா. எம்பதுன்னா எடை போடு."