தட்டிப் பார்த்து எடுங்கள்

கே: கற்கால மனிதனைப் போல நானும் ஒரு கைக்கோடரி செய்து பார்க்க ஆசை. எங்கள் பக்கம் எந்தக் கல் சரிப்படும்? (திருவள்ளூர் வாசகர்)

ப: ஆசைக்கு ஏற்ற ஊரில்தான் இருக்கிறீர்கள். உங்கள் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தொழில் ஜோராக நடந்திருக்கிறது. அங்கே கைக்கோடரிக்கு எடுத்த கல் குவார்ட்சைட்.

ஆற்றோரக் கூழாங்கல் இரண்டை மோதிப் பாருங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளுங்கள், 'தொப்'பென்றால் உள்ளே விரிசல், கீழே போடுங்கள். பிறகு ஓரத்தில் ஒரு சில்லைப் பெயருங்கள். பெயர்ந்த இடம் சிப்பியின் உட்புறம்போலக் குழிந்து, விளிம்பு விரலைப் பதம்பார்க்கிற மாதிரி இருந்தால் அதுதான் கல். கருங்கல் வேண்டாம். அம்மிக்கு அது ராஜா; இங்கே தட்டினால் மணிமணியாக உதிரும், கூர் நிற்காது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் (ஆதிமனிதன் போடவில்லையே என்று வாதாடாதீர்கள், அவனுடைய கண் என்ன ஆயிற்றோ!).

அதிரம்பாக்கத்துக் கல்லில் மட்டும் கைவைக்காதீர்கள். நீங்கள் கச்சாப் பொருள் என்று பொறுக்குவது, யாரோ செய்து முடித்துப்போட்ட சரக்காக இருக்கும். 1863இல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் குனிந்து எடுத்ததும் அப்படிப்பட்ட ஒன்றுதான். மாதிரி பார்க்க வேண்டுமானால் பூண்டி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டு.