பின்கோடு தெரியாத பெட் பேரன்ட்

பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டிலோ சர்ஜாபூர் ரோட்டிலோ எந்த அபார்ட்மென்ட் வாசலிலும் காலை ஆறரை மணிக்கு அவரைப் பார்க்கலாம். ஒரு கையில் நாயின் லீஷ், இன்னொரு கையில் செல்போன், இடுப்பில் கக்கா அள்ளும் பை. நாயின் ஓனர் என்று அவரைச் சொல்லிவிடக் கூடாது. அவர் பெட் பேரன்ட். கம்பெனி தனக்குப் போட்டிருக்கும் மெடிக்கல் இன்சூரன்ஸ் எத்தனை லட்சம் என்று கேட்டால், "ஹெச்.ஆரைத்தான் கேக்கணும்" என்பார். நாயின் பாலிசியைப் பற்றிக் கேட்டால், ஆபரேஷனுக்கு இவ்வளவு, திருட்டுக்கு இவ்வளவு, இறப்புக்கு இவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார். இறப்பு என்று சொல்லும்போது மட்டும் நாய்க்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்துவார். எதற்கும் எக்ஸெல் போட்டுப் பழகியவர் ஆகையால் பாலிசி வாங்கவும் ஒரு எக்ஸெல் வைத்திருக்கிறார். பிரீமியம், கவரேஜ், டிஸ்கவுன்ட் என்று எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. நாய் எந்த ஊரில் இருக்கிறது என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது. அவரிடம் எனக்கு இருக்கும் வழக்கு இது ஒன்றுதான். பாலிசி எடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதை நாயின் ஜாதியைப் பார்த்து எடுக்கிறார். எடுக்க வேண்டியது பின்கோடைப் பார்த்து.

நாய்க்கு இன்சூரன்ஸா என்று சிரிக்கிறவர்கள் கொஞ்சம் லேட். ஸ்வீடனில் 1924-லேயே நாய்க்குப் பாலிசி போட்டுவிட்டார்கள். நம் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களும் ஆடு மாடுகளோடு நாயையும் வெகுகாலமாகச் சேர்த்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. 2020 ஆகஸ்டில் பஜாஜ் அலையன்ஸ், வரி நீங்கலாக 315 ரூபாயில் தொடங்கும் பிரீமியத்தோடு நாய்ப் பாலிசி கொண்டுவந்த பிறகு, இது ஐ.டி. கான்டீன்களில் பேசும் விஷயம் ஆகிவிட்டது. பேச்சு பெருகியது; பாடம் மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தது. கோல்டன் ரெட்ரீவருக்கு இடுப்பு மூட்டு தேயும் என்று அங்கே எவரோ எழுதியதைப் படித்துவிட்டு, நம்மவர் இங்கே ஏஜென்டைக் குடைகிறார். அங்கே பரவும் லைம் நோய் இங்கே கவர் ஆகுமா என்கிறார். ஹஸ்கி வைத்திருப்பவர் பனியில் பாதம் வெடித்தால் என்ன செய்வது என்று கேட்கவில்லையே என்பதுதான் ஆறுதல். மூட்டுத் தேய்மானத்தைப் பற்றிக் கேட்பது நியாயம்தான். ஆனால் அது அந்த நாய் அமெரிக்காவில் இருந்தாலும் வரக்கூடியது. பெங்களூருவில் இருப்பதால் வரக்கூடியது வேறு.

அது என்ன என்று பார்க்க எங்கும் போக வேண்டாம். நாயின் முன்னங்காலைத் தூக்கி, விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தால் போதும். மிளகு போல ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிதான் இந்த ஊரின் முதல் ரிஸ்க். கடல் மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டரில், கொளுத்தவும் செய்யாமல் உறையவும் செய்யாமல் இருக்கிற இந்தச் சீதோஷ்ணத்தை நாம் மட்டுமா அனுபவிக்கிறோம்? உண்ணிக்கும் இங்கே வருஷம் பூராவும் சீசன். அது நாயின் மேலேயே குடியிருப்பதும் இல்லை. ரத்தம் குடிக்கும், இறங்கும், சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அடுத்த தலைமுறை மறுபடி ஏறும். அது கொண்டுவரும் எர்லிகியா என்ற கிருமி நாயின் பிளேட்லெட்டைச் சரித்துவிடும். பபீசியா என்ற இன்னொரு கிருமி சிவப்பணுக்களை உடைக்கும். விட்டது போலப் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பியும் வரும். கவனிக்க வேண்டிய கணக்கு இங்கேதான் இருக்கிறது. எர்லிகியாவுக்கு வழக்கமான வைத்தியம் நான்கு வார மாத்திரையும் மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனையும். நாய் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுப்பதே இல்லை. ஆபரேஷனுக்கும் அட்மிஷனுக்கும் மட்டும் பணம் தரும் பாலிசியை, பிரீமியம் குறைவு என்று வாங்கியவருக்கு, ஊரில் அடிக்கடி வரும் காய்ச்சலுக்கு ஒரு பைசா தேறாது. வெளிநோயாளிச் செலவு என்ற சின்னக் கட்டத்தை அவர்தான் எக்ஸெலில் 'தேவையில்லை' என்று சிவப்படித்து வைத்திருக்கிறாரே!

அடுத்தது மழை. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் வில்லாக்காரர்களே டிராக்டரில் ஏறி வெளியே வந்தார்கள். மடியில் நாயும் வந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் எலியின் மூத்திரமும் கலந்திருக்கும். அதில் எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோ கிருமி இருக்கலாம். பாலிசி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது பெட் பேரன்டின் நம்பிக்கை. கிளினிக்கில் நடக்கும் உரையாடல் அதற்கு நேர்மாறானது.

"டாக்டர், செலவப் பத்திக் கவலையே படாதீங்க. பாலிசி இருக்கு."

"இருக்கட்டும் சார். வேக்ஸின் கார்டு எங்க?"

கார்டில் கடைசி முத்திரை இரண்டு வருஷத்துக்கு முந்தையது. பார்வோ, டிஸ்டெம்பர், லெப்டோ போன்ற தடுக்கக்கூடிய நோய்களுக்கு, ஊசி போட்ட அத்தாட்சி இல்லாவிட்டால் பணம் கிடையாது என்பது இந்தப் பாலிசிகளில் பொதுவாக உள்ள விதி. பிறந்தநாளுக்கு ராகி கேக் ஆர்டர் செய்ய நாள் குறித்து வைத்திருந்தவருக்கு, ஊசிக்கு நாள் குறிக்கத் தோன்றவில்லை.

பூனை வளர்ப்பவர் தனி ரகம். "இவ வெளியவே போறதில்ல, இவளுக்கு என்ன ரிஸ்க்?" என்பார். பதின்மூன்றாவது மாடி பால்கனிக் கைப்பிடிமேல் உட்கார்ந்து புறாவையே பார்த்துக்கொண்டிருக்கிறது அந்த வெளியே போகாத பூனை. மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி நியூயார்க் டாக்டர்கள் 1987-ல் எழுதினார்கள். பத்தில் ஒன்பது பிழைத்ததாம். பூனைக்கு ஒன்பது உயிர் என்று இதைக் காட்டிக் குதூகலிப்பவர்கள், விழுந்த இடத்திலேயே போனவை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள். பிழைத்தவற்றுக்கும் நெஞ்சுக்காயம், தாடை முறிவு என்று செலவு உண்டு. அடுக்குமாடிப் பூனைக்கு முதலில் வாங்க வேண்டியது உறுதியான பால்கனி வலை; அதற்கப்புறம் விபத்துக்கான பாலிசி. பன்னேர்கட்டா பக்கம் வில்லா வாங்கியவருக்கு ரிஸ்க் இன்னொரு மாதிரி. அங்கே பாம்பு உண்டு. நாயை விரும்பிச் சாப்பிடும் சிறுத்தையும் உண்டு. 2023 அக்டோபர் கடைசியில் கூட்லு பக்கத்து அபார்ட்மென்ட் வளாகத்துக்குள்ளேயே ஒன்று கேமராவில் மாட்டியது. ஒரே நகரம்தான், ஆனால் பின்கோடு மாறினால் எமனின் வாகனமும் மாறுகிறது.

இதையெல்லாம்விட நம்மவர் மறப்பது, தன் நாயால் அடுத்தவருக்கு வரும் ரிஸ்க்கை. குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளைத் தடை செய்யக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-ல் விட்ட சுற்றறிக்கை அவருக்கு மனப்பாடம். பொதுக்குழுவில் செக்ரட்டரி வாயைத் திறக்குமுன் வாசித்துவிடுவார். 2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வைலர் முதலான 23 இனங்களுக்குத் தடை கேட்டதும், கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்ததும் தேதியோடு தெரியும். ஆனால் பாரதிய நியாய சம்ஹிதையின் 291-வது பிரிவு தெரியாது. தன் வசமுள்ள பிராணியால் மற்றவருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ என்கிறது அது. ஜெயிலுக்கு எந்தப் பாலிசியும் ஆள் அனுப்பாது. லிஃப்டில் "ஃப்ரெண்ட்லிதான் ஆன்ட்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் லாப்ரடார் பாய்ந்து, ஆன்ட்டி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தால் வரும் நஷ்டஈட்டுக்கு மட்டும் மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு கைகொடுக்கும். ஆயிரம் பேர் ஒரே கேட்டுக்குள் வசிக்கும் ஊரில் அதை வேண்டாமென்று ஒதுக்குவது சிக்கனம் ஆகாது.

பிரீமியத்தை மாதாமாதம் வங்கியில் போட்டு வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சின்னச் செலவுக்குப் போதும். அந்த அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் சேமிப்பு நிறைந்த பிறகுதான் பூனை விழும் என்று உத்தரவாதம் இல்லையே. நம்ம இண்டிக்கு ஒன்றும் வராது என்பவர்களும் உண்டு. நாட்டு நாய்க்கு உடம்பு கெட்டிதான். உண்ணி மட்டும் பெடிகிரி சர்டிஃபிகேட் கேட்டுக் கடிப்பதில்லை. காய்ச்சல் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் ஒரு தகவல்: நோய்களுக்குப் பொதுவாகக் காத்திருப்புக் காலம் உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணமே கிடையாது.

ஆகவே பெட் பேரன்ட் அவர்களே, எக்ஸெலைத் திறந்து மேலே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பின்கோடு. உங்கள் ஏரியாவில் என்ன நோய் வருகிறது என்று தெரு முனை கால்நடை டாக்டரைக் கேளுங்கள், ஏஜென்ட் அதற்கப்புறம். பாலிசியில் முதலில் படிக்க வேண்டியது எதற்கெல்லாம் பணம் தர மாட்டார்கள் என்ற பட்டியல். அதில் உங்கள் ஊர் நோய் இருந்தால், 315 ரூபாயும் அதிகம்தான்.