மாடி ரூம் தொண்டர்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் வீட்டு மாடி காலியானால், அடுத்த வாரமே அங்கே ஒரு தொண்டர் குடிவந்துவிடுவார். வயது பத்தொன்பது, சொந்த ஊர் செய்யாறு பக்கம், படிப்பு ஏனாத்தூரில். ஹாஸ்டல் இருக்க வெளியே எதற்கு ரூம் என்று கேட்டால், "மக்களோட மக்களா இருந்தாத்தாண்ணா சமூகம் புரியும்" என்பார். ஹாஸ்டல் கேட்டை நேரத்தோடு பூட்டிவிடுவார்கள் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரியவரும்.

இவர் நாட்டு நலப்பணித் திட்டத்துக்காரர். காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்து, ஏழு நாள் முகாமும் போய்வந்தால் சான்றிதழ். சட்டையில் குத்தும் பேட்ஜில் கோனார்க் தேர்ச்சக்கரம் இருக்கும். அதன் எட்டு ஆரங்களும் எட்டுச் சாமங்கள், அதாவது இருபத்து நாலு மணி நேரமும் தொண்டுக்குத் தயார். இவர் அதில் நாலு சாமத்தை உறக்கத்துக்கு ஒதுக்கியிருக்கிறார். 'நான் அல்ல, நீ' என்பது திட்டத்தின் தாரக மந்திரம். அறையில் இருக்கும் நாலு பேரும் அதைத் தவறாமல் கடைப்பிடிப்பார்கள், முக்கியமாக மோட்டார் போடும்போதும் தட்டுக் கழுவும்போதும்.

தெருவுக்கு இவர் செய்யும் முதல் தொண்டு சர்வே. குழித்தறியில் கால் இரண்டையும் இறக்கி உட்கார்ந்திருப்பார் வீட்டுக்காரர். கோர்வைச் சேலைக்கு உடல் தனி, கரை தனி. இரண்டையும் ஊடு மாறாமல் கோத்து நெய்ய வேண்டும், கரை நாடாவை வீசப் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டும். ஓர் இழை பிசகினாலும் சேலை காட்டிக்கொடுத்துவிடும். அந்த நேரம் பார்த்துத் தொண்டர் பேனாவை எடுப்பார்.

"மாசத்துக்கு எத்தினி சேலை நெய்வீங்கண்ணா?"

"நீங்க வந்த மாசத்துக்கா, வராத மாசத்துக்கா?"

திண்ணையிலிருந்து ஆயா குரல் கொடுக்கும்: "போன வருசத்துப் பசங்க எழுதிக்கினு போனதையே எழுதிக்கோ தம்பி. கூலி ஒண்ணும் மாறல."

அடுத்த தொண்டு தார் சுற்றுவது. ஆயா ராட்டையில் சுற்றுவதைப் பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். தொண்டர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பட்டு நூல் புது உருவம் எடுக்கும். டைரியில் 'ஒரு மணி நேரம், நெசவாளர் மேம்பாடு' என்று ஏறும். சிக்கெடுக்க ஆயாவுக்கு ஆன பகல் எந்த டைரியிலும் ஏறாது.

ஞாயிற்றுக்கிழமை கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில். பக்கெட், பிரஷ், சோப்புத்தூள் சகிதம் பத்துப் பேர் நுழைந்ததும் காவலாளி ஓடிவருவார். "ஆயிரத்து முந்நூறு வருசமா காத்தும் மழையும் தேய்ச்சது போதும் தம்பி, நீங்க வேற தேய்க்காதீங்க!" புல்வெளியில் கிடக்கும் இரண்டு பிஸ்கட் உறையைப் பொறுக்க மட்டும் அனுமதி கிடைக்கும். பத்துப் பேருக்கு இரண்டு உறை பற்றாது. ஆகவே ஒருவர் போட, அடுத்தவர் பொறுக்க, வரிசையாகப் போட்டோ.

2019-இல் அத்திவரதர் 48 நாள் தரிசனம் தந்தபோது கூட்டத்தைத் தனியாளாகக் கட்டுப்படுத்தியதாக இவருக்கு ஒரு சீனியர் சொல்லியிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு ஒருமுறைதான் என்பதால் அடுத்தது 2059. இவர் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்.

தெருவுக்கு நிஜமாக ஆள் வேண்டியது விடியற்காலையில். வெயில் ஏறுமுன் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டி இழுத்துக் கட்டி, இழை பிரித்து, அறுந்ததைப் பிணைக்க வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் நடக்காது, தறியும் நின்றுவிடும். பாவு நீட்டும் நாளில் எத்தனை கை இருந்தாலும் போதாது. தொண்டரோ மாடியில் தூங்குவார், அவருடைய பைக் பாவுக்குக் குறுக்கே நிற்கும். பூட்டிய வண்டியை நாலு பேர் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வேலை ஆரம்பமாகும்.

ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதே ஆளைத் திண்ணையில் பார்க்க வேண்டும். ஆயாவின் போனுக்கு வந்த பேங்க் மெசேஜைப் படித்து, எது நிஜம், எது ஏமாற்று என்று சொல்வார். வீட்டுக்காரருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவார். நெய்து இறக்கிய சேலையின் முந்தானை தெரிய போட்டோ எடுத்து, கேட்டவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஆயாவைக் கண் காட்டப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டோக்கனோடு நின்றவரும் இவர்தான். இதையெல்லாம் டைரியில் எழுதக்கூடாதா என்றால், "இது வீட்டு வேலைதானேண்ணா" என்று நம்மை விநோதமாகப் பார்ப்பார்.

அதனால்தான் இரண்டாம் வருடக் கடைசியில் மணிக்கணக்கு உதைக்கும். டைரியை ஆயாவிடம் நீட்டி, "நான் தொண்டு செஞ்சேன்னு ஒரு கையெழுத்துப் போடு ஆயா" என்பார்.

"எத்தினி மணி வேணும்?"

"எரநூத்தி நாப்பது."

ஆயா விரல் மடக்குவார். "தெனம் காத்தால உன்னை எழுப்ப அரை மணி, ரெண்டு வருசத்துக்குப் போட்டுக்கோ. சிக்கெடுத்தது ஒரு பகல். காய்ச்சல்ல கெடந்தப்போ கஞ்சி வெச்சுக் குடுத்தது மூணு நாளு. கூட்டு."

தொண்டர் போனில் கூட்டிப் பார்ப்பார். 240 தாண்டியிருக்கும்.

"அப்போ அந்தச் சக்கரத்தக் கழட்டி இப்படிக் குடு."